தொங்கிய கேபிளும் தூங்கிய மரமும்: ஒரு நெட்வேர்க் முடக்கத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னேரம் மூன்று ஐம்பதுக்கு அழைப்பு வந்தது. "தம்பி, ஒண்டும் வேலை செய்யுதில்லை. நாலு மணிக்கு டொக்டர்மார் வரத் தொடங்கிடுவினம். கெதியா வாருங்கோ." கதைத்தவர் யாழ் நகரத்துக்குள் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் மனேச்சர் ஐயா. சாதாரணமாக அவசரமே படாத மனிதர்.

பின்னேரம் நாலு மணிக்கு இப்படியான இடங்கள் எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போதனா வைத்தியசாலையில் பகல் கடமை முடித்த நிபுணர்கள் சனலுக்கு, அதாவது நம்பர் எடுத்து வருகிற நோயாளர்களைத் தனியாகப் பார்க்க, வருகிற நேரம். நம்பர் எடுத்தவர்கள், எடுக்காமலே வந்து நிற்பவர்கள், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வேலணைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய அம்மா என்று வாசல்வரை கூட்டம் நிற்கும். அன்று நம்பர் பதிகிற கணினி, மருந்தகத்து பில், ஆய்வுகூட அறிக்கை, அறைக்கு அறை கதைக்கிற ஐபி போன் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன. மூன்று நாற்பதுக்குப் போனது, திரும்பி வர நாலு ஐம்பது ஆனது. காரணம் இரண்டு முழ நீளக் கேபிள் ஒன்று.

கேபிளுக்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். தரவு வெளியேற வழியில்லாமல் ஒரே வட்டத்தில் சுற்றுவதை லூப் என்போம். அதைத் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை அங்கிருந்த மூன்று சுவிட்சிலும், அதாவது கணினிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கிற பெட்டிகளிலும், ஓடிக்கொண்டுதான் இருந்தது. காவல்காரன் நிற்கத்தக்கதாகக் களவு போனது எப்படி என்பதுதான் என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ளவிடாமல் செய்தது.

மூன்று தளம், மூன்று சுவிட்ச்

கீழ்த்தளத்தில் மருந்தகமும், மாடிப்படிக்குக் கீழே சேர்வரும் பிரதான சுவிட்சும். முதல் மாடியில் சனல் பதிவு மேசையும் டொக்டர்மாரின் அறைகளும். அங்கே ஒரு சுவிட்ச். இரண்டாம் மாடியில் ஆய்வுகூடம்; அங்கே ஒரு பழைய சுவிட்ச், மேசைக் கணினிகளின் கேபிள் செருகுகிற போர்ட்டுகள் 100 மெகாபிட், மற்றச் சுவிட்சுகளுக்குப் போகும் மேலிணைப்புக்கு மட்டும் இரண்டு ஜிகாபிட் போர்ட். மூன்றும் ஒன்றோடொன்று முக்கோணமாக இணைக்கப்பட்டிருந்தன. ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றப் பக்கத்தால் போகலாம் என்று முன்னர் வேலை செய்தவர் யோசித்துப் போட்டது. நல்ல யோசனைதான்.

இது தவிர மருந்தகத்து மேசைக்குக் கீழே எட்டுப் போர்ட் சின்னப் பெட்டி ஒன்று. அமைப்பு எதுவும் செய்ய முடியாத, கடையில் வாங்கிச் செருகுகிற வகை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுபது நிமிடம்

கொக்குவிலில் இருந்து நான் போய்ச் சேர்ந்தபோது நாலு பத்து. அதற்குள் சேர்வரை இரண்டு தரம் நிறுத்திப் போட்டிருந்தார்கள். இன்டர்நெட் நிறுவனத்துக்கு போன் பண்ணியாயிற்று. ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. எந்த நெட்வேர்க் வருத்தத்துக்கும் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுவது எங்கள் ஊரில் வேப்பிலை அடிப்பதைப் போல. சுகம் வந்தாலும் வராவிட்டாலும் அதைச் செய்தால்தான் மனம் ஆறும்.

மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பிரதான சுவிட்சின் பச்சை லைற்றுகள் எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தன. சாதாரண நாளில் ஒவ்வொரு போர்ட்டும் தன்பாட்டில் விட்டுவிட்டு மின்னும். அதில் ஒரு ஒழுங்கும் இருக்காது. இருபத்துநாலும் ஒன்றுபோல அடித்தால் எல்லாப் போர்ட்டாலும் ஒரே சரக்குத்தான் போகிறது என்று அர்த்தம். லூப் என்று அப்போதே மனதில் பட்டது.

பட்டதும் செய்ய வேண்டியது, நெட்வேர்க்கைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது. முதல் மாடியில்தான் அதிகம் பேர் வேலை செய்கிறார்கள், அங்கேதான் பிழை இருக்கும் என்று கணக்குப் போட்டு, பிரதான சுவிட்சில் இருந்து முதல் மாடிக்குப் போகும் கேபிளைக் கழற்றினேன். லைற்றுகள் அசையவில்லை. அதே தாளம். சரி, முதல் மாடியில் பிழை இல்லை என்று முடிவு கட்டிவிட்டு மருந்தகத்துப் பக்கம் ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்தேன். அரை மணித்தியாலம் வீணாகப் போனது. பின்னால் நின்று ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறி, அங்கிருந்த சுவிட்சோடு நேரே கதைக்கிற கொன்சோல் கேபிளைச் செருகினேன். நெட்வேர்க் வழியாக உள்ளே போக முடியாது. அந்த நெரிசலில் கடவுச்சொல் கேட்கிற திரைகூட வராது. கொன்சோலில் எழுத்துகள் அருவிபோல ஓடின. எல்லாம் ஒரே செய்தி: இன்ன மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) 7ஆம் போர்ட்டுக்கும் 9ஆம் போர்ட்டுக்கும் இடையே தாவுகிறது. அடுத்த வரியில் இன்னொரு முகவரி, அதே 7, அதே 9. ஒரு கணினி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. 9ஆம் போர்ட்டின் கேபிளை இழுத்தேன். அடுத்த வினாடியே அமைதி. லைற்றுகள் ஒவ்வொன்றாகத் தம்பாட்டில் மினுங்கத் தொடங்கின. கீழே மருந்தகத்தில் பில் அடிக்கிற சத்தம் கேட்டது.

7ஆம் போர்ட்டில் பதிவு மேசையின் ஐபி போன். அந்தப் போனின் முதுகில் இரண்டு துளை: ஒன்று சுவரில் இருந்து வரும் கேபிளுக்கு, மற்றது பக்கத்தில் இருக்கும் கணினிக்கு. கணினியை முந்தின கிழமை அடுத்த மேசைக்கு மாற்றியிருந்தார்கள். அதன் கேபிள் போனில் இருந்து கழற்றப்படாமல் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டு கிடந்தது. "மேசையைத் துடைக்கேக்க கீழ விழுந்து கிடந்தது தம்பி. ஆரும் தடக்கி விழுந்திடுவினம் எண்டு சுவரில இருந்த ஓட்டையில வடிவாச் செருகிவிட்டன்" என்றார் அங்கே வேலை செய்கிற அக்கா. அந்த ஓட்டைதான் 9. போன் உண்மையில் மூன்று போர்ட் உள்ள ஒரு குட்டிச் சுவிட்ச். 7ஆல் போனது போனுக்குள் நுழைந்து 9ஆல் திரும்பி வந்தது. வட்டம் பூர்த்தி.

முன்பு இப்படிச் செருகினால் லைற்றே எரிந்திருக்காது. ஒரே வகையான இரண்டு போர்ட்டை இணைக்கக் குறுக்குக் கேபிள் என்று தனியாக ஒன்று வேண்டும். இப்போதைய கருவிகள் எந்தக் கேபிளைக் கொடுத்தாலும் தாங்களே கம்பியை மாற்றிப் புரிந்துகொள்கின்றன. வசதிதான். ஆனால் தெரியாமல் லூப் போடுகிறவருக்கும் அதே வசதி கிடைத்துவிட்டது.

பிரேமுக்கு ஆயுள் எழுதப்படவில்லை

இரண்டு முழக் கேபிள் மூன்று மாடியை எப்படிப் படுக்கவைத்தது? தரவு ஐபி பொதிகளாகப் பிரிந்துதான் போகும். பொதியின் தலைப்பில் அதன் ஆயுள் எழுதப்பட்டிருக்கும். கூடியது 255, ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூச்சியம் ஆனதும் பொதி சாகும். அந்தப் பொதியைக் கேபிளில் சுமந்து போகிற உறை ஈதர்நெட் பிரேம். அதில் அப்படி ஒரு இடமே இல்லை. வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பிரேம் கேபிளை யாராவது இழுக்கும்வரை சுற்றும்.

சேர்வர் எங்கே என்று ஒரு கணினி கேட்கிற சாதாரண ஏஆர்பி கேள்வியை எடுங்கள். அது புரோட்காஸ்ட், எல்லோருக்கும் போகவேண்டியது. சுவிட்ச் அதை 7ஆலும் 9ஆலும் அனுப்புகிறது. 7ஆல் போனது 9ஆல் வருகிறது, 9ஆல் போனது 7ஆல் வருகிறது. இரண்டு பிரதிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மற்ற எல்லாப் போர்ட்டுக்கும், மேலிணைப்பு வழியாக மற்ற மாடிகளுக்கும் ஒரு பிரதி. பழையது சாகாது, புதியது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். போனின் வேகம் 100 மெகாபிட். 64 பைட் பிரேம், முன்னுரையும் இடைவெளியும் சேர்த்தால் கம்பியில் 84 பைட், அதாவது 672 பிட். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 1,48,800 பிரேம். ஆய்வுகூடத்தின் 100 மெகாபிட் போர்ட்டுகள் மூச்சுத் திணறி நின்றது இதனால்.

ஆனால் ஜிகாபிட் இணைப்பில் இருந்த கணினிகளுக்கு அந்த நெரிசல் மட்டும் என்றால் தாங்கியிருக்கும். அவற்றைக் கொன்றது வேறு. சுவிட்ச் எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, வரும் பிரேமின் அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் பழகிக்கொள்ளும். சேர்வர் அனுப்பிய புரோட்காஸ்ட் ஒன்று வட்டத்தில் சுற்றி 9ஆல் வந்தால், "ஓ, சேர்வர் 9இல் இருக்கிறது" என்று எழுதிக்கொள்ளும். அடுத்த கணம் 7. அந்தப் பிரதி மேலிணைப்பு வழியாகத் திரும்பிக் கீழே வந்ததும், சேர்வரைத் தன் மடியிலேயே வைத்திருக்கும் பிரதான சுவிட்ச்கூட "சேர்வர் மாடியில்" என்று நம்பிவிடும். மருந்தகத்தில் இருந்து பத்தடி தூரத்தில் இருக்கும் சேர்வருக்குப் போகவேண்டியது, மாடிக்கு ஏறி ஒரு போனுக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஆலமரத்தை வேம்பாக்குகிற வேலை

இதைத் தடுக்கத்தான் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீயை வடிவமைத்தார். 1990இல் அது 802.1டி என்ற தரமாயிற்று. மரம் என்றதும் யாழ்ப்பாணத்தான் கண்ணில் பனைதான் நிற்கும். கிளை விடாத மரம், உதாரணத்துக்கு உதவாது. ஆலமரமும் சரிவராது. விழுது இறங்கி மண்ணைத் தொட்டுவிட்டால் ஒரே கிளைக்கு இரண்டு வழி வந்துவிடும்; நெட்வேர்க்கில் லூப் என்பது அதைத்தான். முற்றத்து வேம்பை நினையுங்கள். எந்த இலையில் இருந்து எந்த இலைக்குப் போனாலும் ஒரே ஒரு வழி. ஸ்பானிங் ட்ரீ செய்வது, ஆலமரத்தின் விழுதுகளைத் தூக்கிக் கட்டிவைத்து அதை வேம்புபோல நடத்துவது. கிளை ஒன்று முறிந்தால் கட்டிய விழுதை அவிழ்த்து இறக்கும்.

எங்கே கட்டுவது என்பதை சுவிட்சுகள் பிபிடியு என்கிற சிறு செய்திகளை இரண்டு வினாடிக்கு ஒருமுறை பரிமாறித் தீர்மானிக்கின்றன. முதலில் தலைவரைத் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 8 பைட் அடையாளம்: முன் 2 பைட் முன்னுரிமை, பின் 6 பைட் மேக் முகவரி. சிறிய எண் உள்ளவர்தான் ரூட், மரத்தின் வேர், தலைவர். பிறகு ஒவ்வொரு சுவிட்சும் ரூட்டுக்குப் போக ஆகக் குறைந்த செலவுள்ள வழியை வைத்துக்கொண்டு, லூப் ஆக்கக்கூடிய மீதிப் போர்ட்டை அடைத்துவிடும். பழைய கணக்கில் 100 மெகாபிட் இணைப்புக்குச் செலவு 19, ஜிகாபிட்டுக்கு 4.

முன்னுரிமையை யாரும் தொடாவிட்டால் எல்லாவற்றுக்கும் 32768. அப்போது மேக் முகவரிதான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். நிறுவனங்கள் முகவரிகளைப் பெரும்பாலும் ஏறுவரிசையில் கொடுத்துக்கொண்டு போவதால், பழைய பெட்டிக்குச் சிறிய எண் இருக்கும். ஆக, யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டால் கட்டடத்தில் இருக்கிற ஆகக் கிழட்டுச் சுவிட்ச் தலைவராகிவிடும்.

இங்கே நடந்தது அச்சொட்டாக அதுதான். கூட்டம் கலைந்தபின் பார்த்தேன்: ரூட் இரண்டாம் மாடி ஆய்வுகூடத்துச் சுவிட்ச். முதல் மாடியும் கீழ்த்தளமும் தனித்தனியே அதை நோக்கி நிற்க, அவை இரண்டுக்கும் நடுவில் இருந்த நேரடிக் கேபிள் அடைபட்டுக் கிடந்தது. பதிவு மேசையில் இருந்து சேர்வருக்கு ஒரு தளம் இறங்கவேண்டிய தரவு, ஒரு தளம் ஏறி, ஆய்வுகூடத்துக் கிழவரைக் கும்பிட்டு, இரண்டு தளம் இறங்கியது. நான் நாலு பத்துக்குக் கழற்றினேனே ஒரு கேபிள், அது அந்த அடைபட்ட கேபிள். அதில் ஏற்கெனவே ஒன்றும் ஓடவில்லை. கழற்றினால் என்ன, விட்டால் என்ன. யார் ரூட் என்று முதலில் பார்த்திருந்தால் அரை மணித்தியாலம் மிச்சம். என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பழைய முறைப்பாட்டுக்கும் இதிலேயே விடை கிடைத்தது. கறண்ட் போய் ஜெனரேட்டர் வரும் ஒவ்வொரு தரமும் சிஸ்டம் கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்து, இன்னொருக்கால் நிற்குமாம். "கறண்ட் போனா அதுவும் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வரும்" என்று பழகிவிட்டார்கள். கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் யூபிஎஸ் உண்டு. ஆய்வுகூடத்துச் சுவிட்ச் மட்டும் நேரே சுவர்ப் பிளக்கில். ரூட் செத்ததும் மற்ற இரண்டும் புதுத் தலைவரைத் தெரிவு செய்து, அடைத்த போர்ட்டைத் திறக்க வேண்டும். மூன்றும் பழைய முறையில் ஓடியதால், ஒரு போர்ட் திறக்குமுன் கேட்டல் 15 வினாடி, கற்றல் 15 வினாடி, பழைய செய்தி காலாவதியாகக் காத்திருந்தால் இன்னும் 20: ஆக 30 முதல் 50 வினாடி. ஜெனரேட்டர் வந்து கிழவர் எழும்பியதும் "நான்தான் தலைவர்" என்பார். திரும்பவும் அதே கூத்து.

ரொறன்ரோவில் இருந்து வந்த பதில்

சரி, தலைவர் யாராக இருந்தாலும் 7க்கும் 9க்கும் இடையில் வந்த லூப்பை ஸ்பானிங் ட்ரீ பிடித்திருக்க வேண்டும். 7ஆல் போன பிபிடியு போன் வழியாக 9க்கு வந்திருந்தால், சுவிட்ச் தன் செய்தியைத் தானே கேட்டு ஒரு போர்ட்டை அடைத்திருக்கும். ஏன் அடைக்கவில்லை? அமைப்பைத் திறந்து பார்த்தால், முதல் மாடியின் எல்லா மேசைப் போர்ட்டிலும் பிபிடியு ஃபில்டர் என்று ஒரு வரி. அந்தப் போர்ட்டுகளால் பிபிடியு வெளியே போகாது, உள்ளே வந்தாலும் பார்க்கப்படாது. காவல்காரனுக்குக் கண்ணையும் கட்டி வாயையும் கட்டி வைத்த மாதிரி.

எனக்கு முன் அங்கே வேலை செய்தவர் இப்போது ரொறன்ரோவில். அன்றிரவே வாட்ஸ்அப்பில் பிடித்தேன், அங்கே பகல். சிரித்தார். "அது வந்து, காலமை கொம்பியூட்டரைப் போட்டா ஐபி கிடைக்காது. 169.254 எண்டு வந்து நிக்கும். மேசையில இருக்கிற பிள்ளையள் ஒவ்வொரு நாளும் எனக்கு போன். அதைப் போட்ட பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கண்ட நோய் உண்மையானது. கணினி எழும்பி, ஐபி முகவரி கொடுக்கிற டிஎச்சிபியிடம் கேட்கும்போது போர்ட் இன்னும் அந்த 30 வினாடியைக் கழித்துக்கொண்டிருக்கும். பதில் வராததால் விண்டோஸ் 169.254இல் தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். அதற்கு மருந்து போர்ட்ஃபாஸ்ட். மறுமுனையில் கணினிதான் இருக்கிறது, காத்திருக்காமல் உடனே திற, ஆனால் காதைத் திறந்து வை என்பது அதன் பொருள். ஃபில்டர் காதையே அறுத்துவிடுகிறது. அந்தச் சுவிட்சில் இரண்டாலும் காலையில் கணினி உடனே எழும்பும். வித்தியாசம் ஒரு அக்கா மேசை துடைக்கிற நாளில்தான் தெரியும்.

இந்த நெறிமுறையால் பாடுபட்ட பெரிய ஆஸ்பத்திரிகளும் உண்டு. 2002 நவம்பரில் பொஸ்ரனில் இருக்கும் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வேர்க் ஏறத்தாழ நாலு நாள் தடுமாறி, எல்லோரும் காகிதத்துக்குத் திரும்பவேண்டி வந்தது. சுவிட்சுக்குப் பின் சுவிட்சாகக் கோத்துக்கொண்டே போனதில், ஸ்பானிங் ட்ரீயின் இயல்பு நேர அளவுகள் தாங்கக்கூடிய ஏழு சுவிட்ச் எல்லையைத் தாண்டிவிட்டது. அங்கேயும் கருவி பழுதாகவில்லை. யாரும் மொத்தமாக நின்று பார்க்காமல் வளர்ந்த நெட்வேர்க் அது. எங்களுடையது மூன்றே சுவிட்ச், ஆனால் வளர்ந்த விதம் அதே விதம்.

மாற்றியவை

மறுநாள் இரவு ஒன்பதரைக்கு, கடைசி நோயாளியும் போனபின் வேலை தொடங்கியது. பிரதான சுவிட்சின் முன்னுரிமையை 4096 ஆக்கினேன். முதல் மாடிக்கு 8192, தலைவர் விழுந்தால் அடுத்தவர் யார் என்பதும் எழுதப்பட வேண்டும். ஆய்வுகூடத்துக் கிழவருக்கு 61440 கொடுத்து ஓய்வு பெறச் சொன்னேன். மூன்றையும் ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவமாக 2001இல் வந்த ராபிட் முறைக்கு மாற்றியதும், இணைப்பு மாறுவதற்கு ஆகிற நேரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. நல்ல காலம், கிழவருக்கும் அந்த முறை தெரிந்திருந்தது. அதை அறியாத சுவிட்சாக இருந்தால், அதைப் பார்க்கும் போர்ட்டுகள் பழைய வேகத்துக்கே இறங்கியிருக்கும்.

மேசைப் போர்ட்டுகளில் ஃபில்டரை எடுத்துவிட்டுப் போர்ட்ஃபாஸ்டும், கூடவே பிபிடியு கார்டும் போட்டேன். ஃபில்டருக்கும் கார்டுக்கும் கட்டளையில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், குணமோ நேரெதிர். கார்ட் போட்ட போர்ட்டில் ஒரு பிபிடியு வந்தால் போதும், போர்ட் அணைந்துவிடும். அணைந்த போர்ட் ஐந்து நிமிடத்தில் தானே திறக்கும்படி வைக்கலாம். நான் வைக்கவில்லை. தானாகத் திறந்தால் யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். லூப் அங்கேயே இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து மூடும்.

ஆய்வுகூடத்துக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று. எல்லா மேசைப் போர்ட்டிலும் புரோட்காஸ்ட் ஒரு வீதத்துக்கு மேல் போகாதபடி புயல் கட்டுப்பாடு. எல்லாம் முடிந்ததும் அதே தொங்கல் கேபிளை எடுத்து அதே ஓட்டையில் நானே செருகினேன். ஒருதரம் மின்னி 9ஆம் போர்ட்டின் லைற் அணைந்தது. கொன்சோலில் ஒரே ஒரு வரி. ஐயா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ?" என்று கேட்டார். பில்லை நினைத்துக் கேட்டிருப்பார்.

மருந்தகத்துப் பெட்டி

மேசைக்குக் கீழே இருக்கும் அந்த எட்டுப் போர்ட் பெட்டி மட்டும் இன்னும் முடியாத கணக்கு. அதன் இரண்டு போர்ட்டை ஒரு கேபிளால் இணைத்து, கார்ட் போட்ட போர்ட்டில் செருகிப் பார்த்தேன். கார்ட் அசையவில்லை. இந்தப் பெட்டிகளில் இரண்டு சாதி: ஒன்று பிபிடியுவை மற்றப் பிரேம்களைப் போலக் கடத்திவிடும், அப்போது அது சுற்றித் திரும்பி வந்து கார்டில் மாட்டும். மற்றது பிபிடியுவுக்கென்று ஒதுக்கிய முகவரிக்கு வரும் செய்தியைப் பேசாமல் விழுங்கிவிடும். இது விழுங்கும் சாதி. மரத்தின் கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள் ஒரு லூப் எவ்வளவு நேரமும் ஓடலாம். இப்போதைக்குப் புயல் கட்டுப்பாடுதான் அணை.

சரியான வழி, பெட்டியைத் தூக்கிவிட்டு மருந்தகத்துக்கு நேரே நாலு கேபிள் இழுப்பது. அதற்குப் புதிதாகப் பூசிய சுவரைத் துளைக்க வேண்டும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் செய்வோம் என்கிறார் ஐயா. அதுவரை அதன் காலியான ஐந்து போர்ட்டையும் பிளாஸ்டர் ஒட்டி மூடிவைத்திருக்கிறேன். மருத்துவமனைதானே, பிளாஸ்டருக்குக் குறைவில்லை.